இருபத்தோரு இலக்கமும் ஒரு குமாஸ்தாவும்

போன மாதம் பேரன் லீவுக்கு வந்திருந்தபோது எங்கள் இருவருக்கும் ஒரு சண்டை. பெரிய சண்டை ஒன்றுமில்லை. மின்சாரம் போன ஒரு பிற்பகலில் திண்ணைக் காற்றில் உட்கார்ந்து போட்ட சண்டைதான். நான் ஒரு முழு வெள்ளைத் தாளில் பெருக்கல் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தவன், "தாத்தா, இத போன்ல போட்டா ஒரு செகண்டுல வந்துடும். எதுக்கு இப்படிக் கஷ்டப்படுறீங்க?" என்றான்.

வராது என்று நான் சொல்லவில்லை. வந்தது சரிதானா என்று நீ எப்படிடா பார்ப்பாய் என்று கேட்டேன். அதற்கு அவன், "போன் தப்பா சொல்லாது தாத்தா" என்றான். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. ஏன் சுருக்கென்றது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கணக்கு என்றதும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

நான் போட்டுக்கொண்டிருந்த கணக்கு இது:

193707721 × 761838257287

இதன் விடை 147573952589676412927. இருபத்தோரு இலக்கம். நம் முறையில் வாசிக்கப் போனால் பதினான்கு லட்சத்து எழுபத்தைந்தாயிரத்து எழுநூற்று முப்பத்தொன்பது கோடி கோடியே என்று தொடங்கி, பாதியில் மூச்சு வாங்கும். நான் படித்த பிரெஞ்சு முறையில் 147 திரில்லியோன் சொச்சம். (பிரெஞ்சுக்காரர்களின் திரில்லியோனுக்குப் பதினெட்டு பூஜ்யம். அமெரிக்கர்களின் திரில்லியனுக்குப் பன்னிரண்டுதான். பத்திரிகையில் திரில்லியன் என்று வந்தால் எனக்கு இன்றும் ஒரு கணம் குழப்பம் வரும்.)

பேரன் சும்மா இருப்பானா? போனில் தட்டினான். 1.475739526 என்று காட்டி, பக்கத்தில் 'ஈ' போட்டு 20 என்று நின்றது. "மீதி இலக்கமெல்லாம் எங்கேடா?" என்றேன். "அது ஸ்க்ரீன்ல இடம் இல்ல தாத்தா, புரோகிராம் எழுதினா முழுசா வரும்" என்றான். அதுவும் உண்மைதான். மறுநாள் எழுதி முழுசாகக் காட்டினான். ஆனால் இந்த எண்ணின் குணம் அதன் கடைசி இலக்கம் வரை போய்த்தான் தெரியும். தலையை மட்டும் பார்த்தால் எவ்வளவு பெரிது என்று தெரியும், எப்படிப்பட்டது என்று தெரியாது.

இது என்ன எண்? இரண்டை அறுபத்தேழு முறை எழுதிப் பெருக்கி, கடைசியில் ஒன்றைக் கழித்தால் வருவது. இந்த மாதிரி எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மாரேன் மெர்சென் என்பவர் பாரீசில் வாழ்ந்த ஒரு கிறிஸ்தவத் துறவி. 1588-இல் பிறந்து 1648-இல் இறந்தவர். அந்தக் காலத்தில் அறிவியல் பத்திரிகை கிடையாது. ஐரோப்பா முழுக்க இருந்த அறிஞர்களுக்குக் கடிதம் எழுதி, ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குத் தெரிவித்துக்கொண்டே இருந்தவர் அவர்தான்.

இரண்டை இரண்டு முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் 3. மூன்று முறை பெருக்கினால் 7. ஐந்து முறைக்கு 31. ஏழு முறைக்கு 127. எல்லாமே வேறு எந்த எண்ணாலும் வகுபடாதவை. இவற்றை நாங்கள் 'நோம்ப்ர் ப்ரெமியே' என்று படித்தோம், அதாவது முதல் எண்கள். தமிழில் பகா எண் என்பதை வேலைக்குச் சேர்ந்த பிறகு பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில்தான் பார்த்தேன். பகாத எண். பிரெஞ்சுச் சொல்லைவிட நம் சொல் விஷயத்தை நேராகச் சொல்கிறது.

சரி, இதே வரிசையில் பதினொன்றுக்குப் போட்டால்? 2047 வருகிறது. பகா எண் மாதிரியே முகம். ஆனால் அது 23 × 89. முகத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது.

மெர்சென் 1644-இல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் பட்டியல் ஒன்று கொடுத்தார். 257 வரைக்கும் எந்தெந்த எண்ணிக்கைக்குப் பகா எண் வரும் என்று: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இவ்வளவுதான், வேறு இல்லை என்றார். 31-க்குப் பிறகு அவர் எப்படிக் கணக்குப் போட்டார் என்பதைக் காட்டவில்லை. பதினைந்து, இருபது இலக்க எண் ஒன்று பகா எண்தானா என்று பார்க்க எல்லாக் காலமும் போதாது என்று அவரே எழுதியும் இருக்கிறார். அப்படியிருந்தும் பட்டியல் பட்டியலாகவே நின்றது. சொன்னவர் பெரியவர், சரிபார்ப்பதோ கஷ்டம். என் அலுவலக அனுபவத்தில் தப்பு நீண்ட நாள் உயிரோடு இருக்க இந்த இரண்டும் போதும்.

1772 வாக்கில் ஆய்லர் 31-ஐ உறுதி செய்தார். 67 அப்படியே கிடந்தது. 1876-இல் எதுவார் லுகா என்ற பிரெஞ்சுக்காரர் வந்தார். ஆமியேன் ஊர்க்காரர், 1870 போரில் பீரங்கிப் படையில் இருந்தவர். மூன்று கம்பிகளில் வட்டுகளை மாற்றும் 'ஹனோய் கோபுரம்' விளையாட்டை உங்கள் பேரப்பிள்ளைகள் வைத்திருக்கலாம். அதை 1883-இல் வெளியிட்டவரும் இவர்தான்.

லுகா செய்தது என்ன? ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க அதை வகுத்து வகுத்துப் பார்க்கத் தேவையில்லாத ஒரு வழி. பின்னால் 1930-இல் லேமர் என்ற அமெரிக்கர் எளிமையாக்கிய வடிவத்தில் சொல்கிறேன். 4-இல் தொடங்குங்கள். அதையே அதால் பெருக்கி 2-ஐக் கழியுங்கள், 14. மறுபடி அப்படியே செய்தால் 194. மறுபடி, 37634. இப்போது 31-ஐப் பாருங்கள். அது ஐந்து முறைப் பெருக்கலில் வந்தது. ஐந்துக்கு ஒன்று குறைவு நான்கு, எனவே நான்காவது எண்ணை, 37634-ஐ, 31-ஆல் வகுக்க வேண்டும். மீதியில்லாமல் போனால் 31 பகா எண். 31 × 1214 = 37634. போகிறது. 67-க்கு இதே வேலையை அறுபத்தாறாவது எண் வரை செய்யவேண்டும். ஒவ்வொரு அடியிலும் அந்த இருபத்தோரு இலக்க எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போனால் கைக்கு அடங்கும். லுகா தன் வழியில் பார்த்தார், சரிவரவில்லை. மெர்சென் சொன்னது தப்பு, இந்த எண் பகா எண் அல்ல. ஆனால் அதை வகுக்கும் எண் எது? அது அவருக்கும் தெரியாது!

பேரனுக்கு இந்த இடம்தான் புரியவில்லை. "வகுக்குற நம்பரே தெரியாம, வகுபடும்னு எப்படிச் சொல்ல முடியும்?" என்றான். கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்கு இது நொடியில் புரியும். மாதக் கடைசியில் இரண்டு பக்கமும் கூட்டிப் பார்க்கிறோம். டாலி ஆகவில்லை. எங்கோ தப்பு இருக்கிறது என்பது சத்தியம். எந்த வவுச்சரில் என்பது தெரியாது. டாலி ஆகவில்லை என்று சொல்வது ஒரு வேலை. வவுச்சரைத் தேடி எடுப்பது இன்னொரு வேலை. லுகா முதல் வேலையை முடித்துவிட்டார். இரண்டாவதற்கு இருபத்தேழு வருஷம் ஆயிற்று.

1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம். சங்கத்தின் செயலாளர் ஃபிராங்க் நெல்சன் கோல் கட்டுரை வாசிக்க எழுந்தார். ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகைக்குப் போய், இரண்டை அறுபத்தேழு முறை பெருக்கி ஒன்று கழித்து எழுதினார் என்றும், இன்னொரு பக்கம் நான் மேலே கொடுத்த இரண்டு எண்களையும் பெருக்கிக் காட்டினார் என்றும், இரண்டு விடையும் ஒன்றாக வந்ததும் பேசாமல் வந்து உட்கார்ந்தார் என்றும் சொல்வார்கள். சபை எழுந்து கைதட்டியதாம். எவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்டதற்கு, "மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்" என்றாராம். இது ஈ. டி. பெல் என்பவரின் எழுத்து வழியாகப் பரவிய கதை. கதையில் உப்பு காரம் கூடியிருக்கலாம். பெருக்கலில் கூட வழியில்லை, நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு தேடவில்லை. தேட வேண்டியது 1,214 கோடிக்குச் சற்று மேல் வரை. 1640 வாக்கிலேயே ஃபெர்மா ஒரு குறிப்பு விட்டுப் போயிருந்தார். (ஃபெர்மா துலூஸ் நகர நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்தவர். ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில் கணிதம் பார்த்த அரசு ஊழியர்! நம்மவர்.) 67 முறைப் பெருக்கலில் வந்த எண்ணை ஏதாவது பகா எண் வகுத்தால், அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் 134-ஆல் வகுபடும் என்பது அந்தக் குறிப்பு. 2047-இல் பாருங்கள். 23-இல் ஒன்று போனால் 22, 89-இல் ஒன்று போனால் 88, இரண்டும் 22-ஆல் வகுபடுகின்றன. அதேபோல் 193707721-இல் ஒன்றைக் கழித்து 134-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 14,45,580. அதாவது 134, 134 ஆகத் தாவி ஏறினால் பதினான்கு லட்சத்துச் சொச்சமாவது படியில் அந்த எண் உட்கார்ந்திருக்கிறது. கோல் மேலும் பல சல்லடைகள் போட்டுப் படிகளைக் குறைத்தார். இருந்தாலும் கையால்! கால்குலேட்டர் தட்டும் நம்மால் நினைத்துப் பார்க்க முடியுமா?

இப்போது என் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். அறுபதுகளின் தொடக்கம். எங்கள் முசியே எந்தப் பெருக்கலையும் சோதனை இல்லாமல் ஏற்க மாட்டார். விடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பெருக்கல் குறி வரைய வேண்டும். 'ப்ரேவ் பார் நேஃப்', ஒன்பதால் சோதனை. முதல் எண்ணின் இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டி மேலே போடு. இரண்டாவது எண்ணைக் கூட்டிக் கீழே போடு. அந்த இரண்டையும் பெருக்கி, கூட்டி, இடப் பக்கம் போடு. விடையின் இலக்கங்களைக் கூட்டி வலப் பக்கம் போடு. இடமும் வலமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு தப்பு, மேசைக்கு வராதே.

கோலின் பெருக்கலுக்குப் போட்டுப் பார்த்தேன். 193707721-இன் இலக்கங்கள் கூடினால் 37, பிறகு 10, பிறகு 1. 761838257287 கூடினால் 64, பிறகு 10, பிறகு 1. விடையின் இலக்கங்கள் 109, பிறகு 10, பிறகு 1. குறியின் நான்கு மூலையிலும் ஒன்று! முசியே பார்த்திருந்தால் சிரித்திருப்பார். அபூர்வமாகத்தான் சிரிப்பார்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் தடவை எனக்கு ஒன்று வரவில்லை, வேறு எண் வந்தது. 7-ஆல் பெருக்கிய வரியில் கைமாற்று இலக்கம் ஒன்றை விட்டிருந்தேன். அந்த எண்ணில் 7 மூன்று இடத்தில் வருகிறது. ஒரு தடவை போட்ட வரியை மற்ற இரண்டு இடத்திலும் அப்படியே பார்த்து எழுதினேன், தப்பும் சேர்ந்து மூன்றாகிவிட்டது. அலுவலகத்திலும் இப்படித்தான். ஒரு பதிவேட்டில் விழுந்த தப்பு மூன்று பதிவேட்டுக்குப் போகும். அப்புறம் மூன்றிலும் அப்படியே இருக்கிறதே என்று அதையே அத்தாட்சியாகக் காட்டுவார்கள்.

1998-ஆக இருக்கும். நான் அப்போது வேலை பார்த்த இடத்தின் பெயர் வேண்டாம். அரசு டிரைவராக இருந்து இறந்தவரின் மனைவி ஒரு வயதான அம்மா, தம்பி தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டு வந்து நின்றார். குடும்ப ஓய்வூதியம் குறைவாக வருகிறதாம். உத்தரவில் இருந்த தொகை, படி எல்லாம் சேர்த்து, எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. முன்பு யாரோ வாசித்துச் சொன்னதைவிடக் குறைவு என்பது மட்டும் தெரியும். கம்ப்யூட்டர் புதிதாக வந்த சமயம். மேசைக்கு மேசை ஒரே பதில், "அம்மா, கம்ப்யூட்டர் பில்லு, தப்பு வராது." அந்த அம்மா நாலு மாதமாக நடந்திருக்கிறார்.

அச்சில் வந்த தொகை 1,485. ஃபைலைத் தேடி எடுத்து உத்தரவைப் பார்த்தேன், 1,845. வித்தியாசம் 360. ஒன்பதால் வகுபடுகிறது. பழைய கணக்கர்களுக்கு இது பால பாடம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பார். 360 என்பது நாலு தொண்ணூறு. அப்படியானால் நூறும் பத்தும் மாறியிருக்கிறது, இரண்டு இலக்கத்துக்கும் வித்தியாசம் நாலு. எட்டும் நாலும். தட்டச்சு செய்தவர் கை மாறித் தட்டிவிட்டார், இயந்திரம் அதை நம்பிப் பதினான்கு மாதம் அச்சடித்தது. அதன் மேல் குற்றமில்லை, கொடுத்ததைத்தானே அது அடிக்கும்? நிலுவை 5,040 ரூபாய் அந்த அம்மாவுக்கு வந்தது. (5040 ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும். அந்த அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.)

ஒன்பதால் சோதனைக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டல் மாறாது, அதனால் சோதனை வாய் திறக்காது. 1485-க்கும் 1845-க்கும் கூட்டல் ஒன்றுதான். சோதனை 'தப்பு' என்றால் தப்புதான். பேசாமல் இருந்தால் 'சரி' என்று அர்த்தமில்லை. அதற்கு முசியே பெரிய வகுப்பில் பதினொன்றால் சோதனை சொல்லிக் கொடுத்தார். வலக்கோடியிலிருந்து ஒன்றைக் கூட்டி, அடுத்ததைக் கழித்து, மாற்றி மாற்றிப் போவது. பக்கத்து இலக்கங்கள் மாறினால் இதில் பிடிபடும். கோலின் எண்கள் இரண்டுக்கும் 9, 8 என்று மீதி வருகிறது. பெருக்கினால் 72, பதினொன்றால் வகுத்தால் மீதி 6. விடைக்கும் 6. இரண்டு சோதனையும் தேறிய பிறகுதான் நான் பேனாவை மூடினேன்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிகளில் ஒன்பதால் சோதனையையும் பதினொன்றால் சோதனையையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஐந்து நிமிஷப் பாடம், இயந்திரம் எதுவும் வேண்டாம். பெருக்கலை இயந்திரமே செய்யட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் விடையைக் கையில் வாங்கும் பிள்ளைக்கு அதைத் தட்டிப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். புளியம்பழத்தைக்கூடத் தட்டித்தானே பார்க்கிறோம்? இன்று பிள்ளைகளுக்குப் பெரிய எண் என்றால் பூஜ்யங்களை எண்ணத்தான் சொல்லித் தருகிறார்கள். அதன் பெயர் என்ன, எத்தனை பூஜ்யம், அவ்வளவுதான். எதால் வகுபடும், எப்படித் தெரியும் என்ற கேள்வி வருவதே இல்லை.

"இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள், தெரியும். நம் வங்கிப் பக்கங்களைக் காவல் காக்கும் பூட்டுகளில் ஒரு வகை இந்த எண்களை நம்பித்தான் இருக்கிறது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கலை மட்டும் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் இயந்திரத்துக்கே முடியாது. 2020-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பலர் இருந்த ஒரு குழு 250 இலக்க எண் ஒன்றைப் பிரித்தது. கணிப்பொறிச் செயலியின் ஒரே ஒரு கோர் (core) ஓயாமல் ஓடினால் சுமார் 2,700 ஆண்டுகள் பிடிக்கும் வேலை அது. ஆனால் இந்தப் பயனை நினைத்து கோல் ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிடவில்லை. டாலி ஆகாத ஒன்று கண்ணில் பட்டது, விட மனம் வரவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப் போனது அதனால்தான்.

மெர்சென் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பட்டியலில் 67-உம் 257-உம் தப்பு. 61, 89, 107 விட்டுப்போயிற்று. பதினொன்றில் இரண்டு தப்பு, மூன்று விடுதல். எங்கள் தணிக்கைக்காரர் குறிப்பு எழுதியிருப்பார். ஆனால் பட்டியலென்று ஒன்றைத் துணிந்து எழுதி வைத்ததால்தானே இத்தனை பேர் சரிபார்க்க வந்தார்கள்? இன்றும் உலகத்தின் மிகப் பெரிய பகா எண்கள் அவர் பெயரில்தான் வருகின்றன. 2024 அக்டோபரில் கண்டுபிடித்ததற்கு நாலு கோடியே பத்து லட்சத்துக்கு மேல் இலக்கங்கள்.

பேரன் ஊருக்குப் போகுமுன் அந்தத் தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டான். நடுவில் கோடு போட்ட என் 7-களைப் பார்த்து, "இது என்ன தாத்தா, எல்லா ஏழையும் அடிச்சிருக்கீங்க?" என்றான். அதே கேள்வியை மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு மேலதிகாரி 1975-இல் கேட்டிருக்கிறார். பிரெஞ்சுப் பள்ளியில் 1-க்கு நீளமாக ஒரு மூக்கு வைத்து எழுதுவோம். கோடு போடாவிட்டால் 7 எது, 1 எது என்று தெரியாது, அதற்குத்தான் என்று விளக்கினேன்.

நேற்று ராத்திரி அவனிடமிருந்து ஒரு செய்தி. ஹாஸ்டலில் யாரோ மெஸ் பில் கூட்டியதில் 270 ரூபாய் இடிக்கிறதாம். "தாத்தா, ஒம்பதால வகுபடுது. அடுத்து என்ன பாக்கணும்?" என்று கேட்டிருந்தான். மூன்று தொண்ணூறு, நூறும் பத்தும் பார் என்று பதில் போட்டிருக்கிறேன்.